ரோல் முடியட்டும்

படம் எடுக்கிறேன் என்று எல்லோரையும் வெயிலில் நிற்க வைத்துவிட்டு எடுக்காமலே போய்விடுகிற ஆள் என்று நான் பார்த்தது அவர் ஒருவரைத்தான். கேமராவைக் கண்ணருகே கொண்டுபோவார். ஒரு கண் மூடும். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். சிரித்துச் சிரித்துக் கன்னம் வலிக்க ஆரம்பிக்கும்போது கேமரா மெதுவாகக் கீழே இறங்கும்.

"என்னக்கா, எடுத்தாச்சா?"

"இல்ல."

"ஏன்க்கா?"

"ஒண்ணும் இல்ல அதுல."

பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, குடும்பமே வரிசையாக நிற்கிறோம். அதில் ஒன்றும் இல்லையாம். சொல்லிவிட்டுக் கேமராவை உறையில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். என் வீட்டுக்காரர், "விடு லலிதா, அவ அப்படித்தான்" என்பார். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் அதிகம் கேட்ட வாக்கியம் அதுதான்.

அவர் என் வீட்டுக்காரரின் அக்கா. எனக்கு நாத்தனார். நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் எங்கள் வீடு. கீழே நாங்கள். மேலே இருக்கிற ஒற்றை அறையும் மொட்டை மாடியும் அவருக்கு. கண்டோன்மென்ட் பக்கம் ஓர் அரசாங்க ஆபீஸில் வேலை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டவர். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "பிடிக்கல" என்று ஒரே பதில். மேலே கேட்டால், "பிடிக்கலைங்கறதே காரணம்தானே, இன்னும் என்ன வேணும்?" என்பார். சாம்பாரில் முருங்கைக்காய் பிடிக்காது. வீட்டு வாசலில் பிளாஸ்டிக் தோரணம் பிடிக்காது. செல்போனில் படம் எடுப்பது பிடிக்கவே பிடிக்காது. ஃபிலிம் போட்ட கேமராதான்.

போன பங்குனியில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். புண்ணியசாலி என்றார்கள். இறந்தவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பது எனக்கும் தெரியும். பெருமாள் மன்னிக்க வேண்டும், இதைச் சொல்லாமல் என்னால் அவரைப் பற்றிப் பேச முடியாது.

ஃபிலிம் ரோல் இப்போதெல்லாம் திருச்சியில் சுலபமாகக் கிடைப்பதில்லை. சென்னையிலிருந்து கூரியரில் வரவழைப்பார். சூடு ஆகாதாம். அதனால் எங்கள் ஃபிரிட்ஜில் வைப்பார். நாங்கள் முட்டை சாப்பிடாத குடும்பம். முட்டை வைப்பதற்காக ஃபிரிட்ஜ் கதவில் குழி குழியாக ஒரு தட்டு இருக்கிறதே, அதில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பார்த்தால் எலுமிச்சம்பழம் எல்லாம் கீழே காய்கறியோடு கிடக்கிறது. குழிக்கு ஒன்றாகக் குட்டி குட்டி டப்பாக்கள் உட்கார்ந்திருக்கின்றன.

எதிர்வீட்டு மாமி தயிருக்கு உறை கேட்டு வந்தபோது அதைப் பார்த்துவிட்டார்.

"ஏன்டி லலிதா, ஆத்துக்காரருக்கு இன்சுலின் போட ஆரம்பிச்சாச்சா? சொல்லவே இல்லையே!"

"அது இன்சுலின் இல்ல மாமி. ஃபிலிம்."

"ஃபிலிமா? ஃபிரிட்ஜிலயா?" மாமி மாடிப்படியை ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "நீ நன்னாப் பொறுத்துக்கறடி."

மாமிக்கும் அவரிடம் ஒரு வருத்தம் உண்டு. மாமியின் பேரனுக்குச் சமயபுரத்தில் முடியிறக்கினார்கள். அக்காவையும் ஆசையாகக் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு படம் எடுத்தார். மாமி நாள்தோறும் வந்து "வந்துதா, வந்துதா" என்று கேட்பார். "ரோல் முடியட்டும்" என்பது பதில். ஒரு ரோலில் முப்பத்தாறு படம். நாம் ஒரு விசேஷத்துக்கு நூறு எடுக்கிறோம். அக்காவுக்கு ஒரு ரோல் முடியப் பாதி வருஷம் ஆகும். முடிந்த பிறகு சென்னைக்கு அனுப்பி, அங்கே கழுவிப் பிரிண்ட் போட்டு, திரும்பி வர வேண்டும். மொட்டைத் தலைப் படம் மாமியின் கைக்கு வந்தபோது பேரனுக்கு இரட்டைக் குடுமி போடுகிற அளவுக்கு முடி வளர்ந்திருந்தது.

"யாருடி இந்தக் குழந்தை?" என்று மாமி கேட்டது எங்கள் சந்தில் இன்றைக்கும் பெரிய வேடிக்கை.

படம் நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளை அழுது முடித்து, தன் தலையைத் தானே தடவிப் பார்த்து ஆச்சரியப்படுகிற நேரத்தில் எடுத்திருந்தார். மாமி அதைப் பூஜை அறைக்கு வெளியே மாட்டி வைத்திருக்கிறார். திட்டிக்கொண்டேதான் மாட்டினார்.

எனக்கு போன் படம்தான் பிடிக்கும். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? காலையில் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தால், அன்றைய அலங்காரம் என்று யாராவது பெருமாள் படத்தை அனுப்பியிருப்பார்கள். கும்பிட்டுக்கொள்வேன். அடுத்து என் மகள் சுபாவின் படங்கள். ஹாஸ்டலில் தோசை சுட்ட படம், தோசை கருகிய படம், கருகிய தோசையோடு அசடு வழிகிற படம். தேவையில்லாத படங்கள்தான். அந்தத் தேவையில்லாததில்தான் என் பிள்ளை எனக்குக் கிடைக்கிறாள். நான் பத்தாவதோடு நின்றவள். எனக்கு இதுவே பெரிய அதிசயம்.

நான் போனைத் தூக்கினால் போதும், பக்கத்தில் நின்று "ச்சு" என்று உச்சுக் கொட்டுவார். அந்த ஒரு சத்தத்தில் என் கை இறங்கிவிடும்.

ஒரு நாள் கோயிலிலிருந்து இரண்டு பேரும் திரும்பி வந்துகொண்டிருந்தோம். சித்திரை வீதியில் ஒரு பெண் ராஜகோபுரத்துக்கு முதுகைக் காட்டி நின்று தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா உச்சுக் கொட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அதுல உங்களுக்கு என்னக்கா கஷ்டம்? அவ போன், அவ முகம்."

"இப்ப உள்ள போனோமே, பெருமாள் முன்னாடி எவ்வளவு நேரம் நிக்க விட்டாங்க?"

"எங்க விட்டாங்க? நகருங்க நகருங்கன்னு தள்ளிட்டாங்க."

"அந்த ஒரு நிமிஷத்துல நீ எப்படிப் பார்த்த? கண்ணைக்கூடச் சிமிட்டல. ஏன்? அவ்வளவுதான் கிடைக்கும்னு தெரியும். அந்த மாதிரிதான் படம். ஒண்ணு போதும்."

நான் விடவில்லை. "போதலையேக்கா. போதலைன்னுதானே நாளைக்கும் போறேன்? உங்களுக்கு ஒரு தடவை பார்த்தா போதும்னா, ஏன் வாராவாரம் என் கூட வர்றீங்க?"

நடந்துகொண்டிருந்தவர் நின்றார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்டி" என்றார். ஆனால் அடுத்த வாரம் நான் போனைத் தூக்கியதும் அதே "ச்சு."

எனக்கு ஆற்றாமை அதில்தான். அவருக்கு ஃபிலிம் பிடிக்கும், எனக்கு போன் பிடிக்கும். ஒருத்தருக்கு டிகிரி காபி, ஒருத்தருக்கு டீ. அதோடு முடிந்திருக்கலாம். அவருடைய பிடித்தம் எங்கள் ஃபிரிட்ஜுக்குள்ளும் வந்து உட்கார்ந்தது, எங்கள் விசேஷங்களுக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. கடைசியில் என் அப்பாவின் கண் வரைக்கும் வந்தது.

என் அப்பாவுக்குத் துறையூர். சின்ன வெங்காயம் போடுகிற விவசாயி. அம்மா போன பிறகு தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். சுபாவுக்கு ஜெர்மனியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்து, அவள் கிளம்புவதற்கு முன்பு ஆடிப்பெருக்கு வந்தது. பேத்தியோடு காவிரியில் ஒரு முழுக்குப் போட வேண்டும் என்று அப்பா பஸ் ஏறி வந்துவிட்டார்.

ஆடிப் பதினெட்டு அன்று அம்மா மண்டபம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். படித்துறையில் கால் வைக்க இடம் இருக்காது. முந்தின வருஷம் அந்தக் கூட்டத்தில் என் வீட்டுக்காரரின் போனை யாரோ உருவிவிட்டார்கள். அதனால் இந்தத் தடவை அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"எல்லா போனும் வீட்லயே இருக்கட்டும். சாமி கும்பிடத்தான் போறோம், போன் பேசப் போகல."

சுபா முணுமுணுத்தாள். அக்கா மட்டும் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். அதை யார் திருடுவார்கள்?

முழுக்குப் போட்டு, ஈரத் துணி மாற்றி, படியில் கோலம் போட்டுக் காவிரித் தாய்க்குப் படைத்தோம். காதோலை கருகமணி ஒரு செட் குறைந்தது. நான் அதை வாங்கத் தரைக்கடைப் பக்கம் போனேன். அந்த நேரத்தில்தான் அப்பா, மஞ்சள் கயிற்றை எடுத்துத் தானே சுபாவின் கையில் கட்டிவிட்டிருக்கிறார். நான் கூட்டத்தில் இடிபட்டுத் திரும்பி வந்தபோது அக்கா கேமராவை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு நிறைவு. அந்த முகத்தை நான் அவரிடம் அதிகம் பார்த்ததில்லை.

"என்னக்கா, எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

"அப்பாவும் சுபாவும் சேர்ந்தா?"

"ம்."

"இன்னொண்ணு எடுங்கக்கா, நான் நிக்கறேன்."

"ஒண்ணு போதும்."

சுபா போய்விட்டாள். அவள் போன கொஞ்ச நாளில் அப்பாவுக்குப் பார்வை மங்க ஆரம்பித்தது. சர்க்கரை கண்ணின் நரம்பை அரித்துவிட்டது என்றார்கள். திருச்சியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். டாக்டரம்மா என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "இருக்கறதைக் காப்பாத்தப் பார்க்கறோம்மா, உறுதி சொல்ல முடியாது" என்றார்.

வீடியோ காலில் சுபா வந்தால் அப்பா போனைத் தள்ளிவிடுவார். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, முகம் தெரியவில்லை என்பார். "அன்னிக்கு ஆத்தங்கரையில உன் நாத்தனார் எடுத்துச்சே ஒரு படம், அதைப் பெரிசாப் போட்டுக் குடும்மா. காகிதத்துல இருந்தா ஜன்னல் பக்கமா வெச்சுப் பார்த்துக்குவேன்" என்றார். தாத்தாவும் பேத்தியும் சேர்ந்திருக்கிற படம் வேறு கிடையாது. அன்றைக்கு அப்பா படித்துறையிலிருந்தே ஊருக்கு பஸ் ஏறிவிட்டதால் போனிலும் எடுக்கவில்லை. சுபா சின்னப் பிள்ளையாக இருந்தபோது எடுத்ததோடு சரி.

மாடிக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"ரோல் முடியட்டும்" என்றார்.

"அக்கா, எங்கப்பாவுக்குப் பார்வை போயிட்டிருக்கு."

"கேட்டேன். டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க."

"பாதியிலயே எடுத்துக் கழுவ முடியாதா? முடியும்னு கேள்விப்பட்டேனே!"

"முடியும். பாதி வெந்த சோத்தைக்கூட இறக்கலாம். சாப்பிடுவியா நீ?"

பசித்தவனுக்கு அதுவும் சோறுதான் என்று சொல்ல வாய் வரை வந்தது. மூத்தவர் என்று அடக்கிக்கொண்டேன்.

அடுத்த நாளிலிருந்து ரோலை முடிக்க வைப்பதே என் வேலையாகிவிட்டது. "அக்கா, மாடித் துளசி பூத்திருக்கு, படம் எடுங்களேன்." "அக்கா, வாசல்ல கோலம் எப்படி வந்திருக்கு பாருங்க." "அக்கா, பசு மாடு ஒண்ணு படியில படுத்திருக்கு." வந்து பார்ப்பார். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவார். கீழே இறக்குவார். ஒன்றும் இல்லையாம் அதில். மாமியும் என் பக்கம் சேர்ந்துகொண்டு ஒரு நாள் ஒன்பது கஜம் கட்டி, மூக்குத்தி மாட்டி வந்து நின்றார்.

"என்னை எடுங்கோ. எடுக்காம நகர மாட்டேன்."

"மாமி, நீங்க இயல்பா இல்ல."

"இந்த வயசுல நான் எப்ப இயல்பா இருந்திருக்கேன், நீங்க எடுங்கோ!"

எடுக்கவில்லை. மாமி போகும்போது என் காதில், "ராத்திரி நீயே போய்ப் பட்டனை அமுக்கித் தீர்த்துடேன்டி" என்றார். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் எதையாவது தப்பாக அமுக்கி இருக்கிற படமும் போய்விட்டால்? அந்தக் கேமராவைத் தொடவே எனக்குப் பயம்.

சமயபுரத்துக்குப் போனேன். மாரியம்மனுக்குக் கண்மலர் வாங்கிச் செலுத்தினேன். வெள்ளித் தகட்டில் இரண்டு கண். அம்மா, என் அப்பன் கண்ணைக் காப்பாற்று, அது முடியாது என்றால் என் நாத்தனார் மனசையாவது இளக்கு என்று வேண்டினேன். இரண்டில் எது கஷ்டம் என்று அவளுக்கே வெளிச்சம்.

திரும்பி வந்த அன்றைக்கு வாய் மீறிவிட்டது. சென்னைக் கடைக்கு நானே போன் போட்டு விசாரித்திருந்தேன். இந்தக் காலத்தில் ஃபிலிமைக் கழுவிய பிறகு அவர்களும் கம்ப்யூட்டரில் ஏற்றித்தான் பிரிண்ட் போடுகிறார்களாம். அதை வைத்துக்கொண்டு மாடிப்படியில் நின்று கத்தினேன்.

"கடைசியில உங்க ஃபிலிமும் கம்ப்யூட்டருக்குள்ளதானேக்கா போகுது? அப்புறம் எதுக்கு இந்த ஆச்சாரம்?"

"கடைசியில எல்லாரும் சாம்பல்தான். அதுக்காக இப்பவே போய்ப் படுத்துக்கறதா?"

"எங்கப்பா பார்க்கணும்னு கேட்கறாரு. உங்களுக்குப் பிடிச்சது உங்களோட இருக்கட்டும். அவரு கண்ணை அதுக்கு அடகு வைக்காதீங்க!"

என் வீட்டுக்காரர் இரண்டு பேருக்கும் நடுவில் படியில் நின்று, மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை பார்த்தார். "லலிதா, அவ அப்படி..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அப்பாவே போன் பண்ணினார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"அந்தப் பொண்ணைத் தொந்தரவு பண்ணாதே லலிதா. வெங்காயத்தை நாள் ஆகுமுன்னே பிடுங்கினா என்ன ஆகும்? அது அந்தப் பொண்ணோட பொருள், அதுக்குத்தான் பக்குவம் தெரியும். வர்றப்ப வரட்டும். நான் எங்க ஓடிடப் போறேன்?"

படிக்கு மேலே அக்கா நின்றுகொண்டிருந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலை, நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது மாடியில் 'டிக்' என்று சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்னொரு 'டிக்'. விடாமல் வந்துகொண்டே இருந்தது. ஆபீஸுக்குக் கிளம்பிக் கீழே இறங்கி வந்தவர், குட்டி டப்பா ஒன்றைப் பைக்குள் வைத்தார்.

"முடிஞ்சுது. கூரியர்ல போட்டுடறேன்."

"அக்கா..."

"சோத்துல உப்பு போட்டியா, பாரு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

கூரியர் திரும்பி வர நாள் ஆயிற்று. அதற்குள் அப்பாவுக்கு ஒரு கண்ணில் ரத்தம் கசிந்துவிட்டது. இன்னொன்றில் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் என்றான் தம்பி. ஆள் வந்து நின்றால் யாரோ நிற்கிறார்கள் என்று தெரியும், யார் என்று தெரியாது.

கவர் வந்ததும் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பிரித்தேன். அக்கா பக்கத்தில் நின்றார். மேலாக இருந்த படங்களில் ஒன்று, மொட்டை மாடியின் தண்ணீர்த் தொட்டி. அடுத்ததும் தண்ணீர்த் தொட்டி. அதற்கடுத்து கொடிக்கம்பி, வெறும் சுவர், மறுபடியும் தொட்டி. துளசி பூத்ததில் ஒன்றும் இல்லை என்ற மனுஷி, பாதி ரோலைக் கறுப்புத் தொட்டிக்குக் கொடுத்திருந்தார். நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடிப்பெருக்குப் படம் அடியில் இருந்தது. அதை மட்டும் பெரிதாகப் போடச் சொல்லியிருந்தார்.

இரண்டு கைகள்.

அவ்வளவுதான் படம். காப்புக் காய்த்துப்போன அப்பாவின் விரல்கள், மஞ்சள் கயிற்றுக்கு முடிச்சுப் போடுகின்றன. சுபாவின் மணிக்கட்டு. அதன் மேல் தண்ணீர்ச் சொட்டு ஒன்று. பின்னால் காவிரி கலங்கலாக. முகம் இல்லை. அப்பாவுக்கும் இல்லை, சுபாவுக்கும் இல்லை.

"முகம் எங்கக்கா?"

அவர் தொட்டிப் படங்களைக் கவருக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"முகம் எங்கன்னு கேட்கறேன்!"

"அதுல முகம் வேண்டாம்னு தோணிச்சு."

"உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"எடுத்தவளுக்குத் தெரியாதா?" குரல் அடங்கியிருந்தது. "நீங்க எல்லாரும் முகத்துக்குக் காத்துட்டிருக்கீங்கன்னும் தெரியும். ரோல் முடிய நாள் ஆனா, மறந்துடுவீங்கன்னு நினைச்சேன்."

இத்தனை நாள் சோறு, பக்குவம் என்று சொன்னதெல்லாம் இதற்குத்தானா? எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. பொறுக்க முடியாமல் சொன்னேன். "ஒரு போன் இருந்திருந்தா பத்துப் படம் எடுத்திருப்பேன். அதுல பத்துலயும் முகம் இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்" என்றார். அந்த ஒரு தடவைதான் அவர் எனக்கு விட்டுக்கொடுத்தார். அது எனக்குக் கொஞ்சமும் ஆறுதலாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் ஏறினோம். நான் கூப்பிடவில்லை, அவராகவே வந்தார். வழி முழுக்க அப்பாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். படம் சரியாக வரவில்லை என்று சொல்லிவிடலாமா? கை மட்டும்தான் வந்திருக்கிறது என்று உள்ளதைச் சொல்லிவிடலாமா?

அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். படத்தைக் கையில் கொடுத்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி, முகத்துக்குக் கிட்டே வைத்து, எட்ட வைத்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர ஒன்றும் பிடிபடவில்லை.

"மஞ்சளா என்னமோ தெரியுதும்மா. நான் எப்படி இருக்கேன்? சிரிக்கறேனா?"

பக்கத்தில் நின்ற அக்கா பேசினார்.

"சிரிக்கிறீங்க மாமா. மேல் பல்லு ஒண்ணு இல்லாதது நல்லாத் தெரியுது."

அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பார்த்தியா! பாப்பா? அது கேமராவைப் பார்க்குதா?"

"இல்ல மாமா. உங்களைத்தான் பார்க்குறா. தலை இன்னும் ஈரம், காதோரம் முடி ஒட்டிட்டிருக்கு. நீங்க முடிச்சை இறுக்கறீங்க. அவ வலிக்குதுன்னு மூக்கைச் சுருக்கறா. ஆனா கையை எடுக்கல. உங்க நெத்தியில திருநீறு பாதி கரைஞ்சு புருவத்துல இறங்கியிருக்கு."

அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அது பொய் இல்லை. அன்று அப்படித்தான் இருந்திருக்கும். நான் கருகமணிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் கண்ணைச் சிமிட்டாமல் இதையெல்லாம் பார்த்திருக்கிறார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஏன் அதை எடுக்கவில்லை? கை மட்டும் போதும் என்று முடிவு பண்ண இவர் யார்? அன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. இன்றைக்கும் விளங்கவில்லை.

அப்பா அந்தப் படத்துக்குச் சட்டம் போடச் சொல்லி, கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டிக்கொண்டார். வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. போன மாசம் நான் போயிருந்தபோது உரக்கடைக்காரர் வந்தார். அப்பா சுவரைத் தடவி, சட்டத்தின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சரியான இடத்தில் விரலை நீட்டினார்.

"பாருங்க, எப்படிச் சிரிக்கறேன்! பேத்தி என்னையே பார்க்குது பாருங்க. என் மக நாத்தனார் எடுத்தது. புண்ணியவதி, போய்ச் சேர்ந்துட்டா."

உரக்கடைக்காரர் படத்தைப் பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் தலையை ஆட்டினேன்.

"ஆமாங்க பெரியவரே," என்றார் அவர், "அருமையா வந்திருக்கு."